மிஷன் என்னும் சொல்: வேரும் வழக்கும்

வாலாஜாபேட்டையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள சபைகளில் மூத்தோருடன் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால், ‘மிஷன் காலத்தில்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றாவது நம் காதில் விழும். மிஷன் காலத்தில் பள்ளிக்கூடம் இவ்வாறு நடந்தது, மிஷன் காலத்தில் ஆஸ்பத்திரியில் இவ்வாறு கவனித்தார்கள், அந்த மதில் வரையில் மிஷன் நிலம் என்பார்கள். இப்பேச்சில் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று, மிஷன் என்பது ஓர் இடம். அதற்கு மதிலும் வாயிலும் உண்டு. மற்றொன்று, மிஷன் என்பது ஒரு காலம், அது முடிந்துபோயிற்று.

ஆனால் அச்சொல் பிறந்த இலத்தீன் மொழியில் அது இடத்தையும் குறிக்கவில்லை, காலத்தையும் குறிக்கவில்லை. ஒரு செயலையே குறித்தது. செல்வதைக் குறித்த சொல் நிற்பதைக் குறிக்கும் சொல்லாக எவ்வாறு மாறிற்று? இவ்வினாவுக்கு விடை காண, அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் நடந்துவந்த வழியையும், நம் ஊர் வந்து சேர்ந்த வகையையும் நோக்குவோம். இது வெறும் அகராதி ஆராய்ச்சியன்று. திருச்சபை தன் பணிக்கு எப்பெயரை வழங்குகிறது, அப்பெயரை என்ன பொருளில் வழங்குகிறது என்பதைக் கொண்டே அப்பணியை அது எவ்வாறு எண்ணுகிறது என்று அறியலாம்.

1. வேரும் முதற்பொருளும்

மிஷன் என்பதன் மூலம் மிஸ்ஸியோ என்னும் இலத்தீன் பெயர்ச்சொல். அது மித்தெரே என்னும் வினையினின்று பிறந்தது. அவ்வினைக்கு அனுப்புதல் என்பது பொருள் என்று பாடநூல்கள் கூறும். அது சரியே, எனினும் அதனோடு பொருள் முடிந்துவிடுவதில்லை. பிடியில் உள்ள ஒன்றைச் செல்லவிடுதல் என்னும் கருத்து அதன் அடியில் கிடக்கிறது. கையிலுள்ள ஈட்டியைச் செல்லவிட்டால் அது எறிதல். ஓர் ஆளைச் செல்லவிட்டால் அது அனுப்புதல். கட்டுண்டிருப்பவனைச் செல்லவிட்டால் அது விடுவித்தல். இம்மூன்று பொருளிலும் உரோமர் இவ்வொரே வினையை வழங்கினர்.

பண்டைய உரோமர் வழக்கில் மிஸ்ஸியோ என்னும் பெயர் இரண்டு இடங்களில் சிறப்பாகக் கேட்கப்பட்டது. முதலாவது இடம் படை. துணைப்படை வீரன் ஒருவன் 25 ஆண்டுகள் பணி முடித்தபின் மதிப்புடன் விடுவிக்கப்பட்டான். அவ்விடுவிப்புக்கு ஹொனெஸ்தா மிஸ்ஸியோ என்று பெயர். அதனோடு அவனுக்கு உரோமக் குடியுரிமையும் கிடைத்தது. அதை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கொடுத்தனர். அத்தகடுகள் பல இன்றும் கிடைத்துள்ளன.

இரண்டாவது இடம் விளையாட்டுக் களம். அடிமைகளும் போர்க்கைதிகளும் மக்கள் காணும் பொருட்டு ஒருவரோடொருவர் வாட்போர் செய்யுமாறு அங்கே நிறுத்தப்பட்டனர். தோற்றவன் விரலை உயர்த்தி உயிர்ப்பிச்சை கேட்பான். ஆட்டத்தை நடத்துவோன் இணங்கினால் அவன் உயிரோடு களத்தை விட்டு வெளியேறுவான். அவ்வாறு வெளியேற விடுவதற்கும் மிஸ்ஸியோ என்றே பெயர். தோற்றவனுக்கு உயிர்தப்பும் வாய்ப்பே இல்லாத போர்களை, அதாவது ‘மிஸ்ஸியோ இல்லாத’ போர்களை, அகுஸ்து இராயன் தடைசெய்தான் என்று சுவேத்தோனியுஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்.

ஆகவே, கிறிஸ்தவர் இச்சொல்லைக் கையாளத் தொடங்குமுன்பே, உரோம நகரத்து எளியவன் காதில் அது விடுதலைச் சொல்லாக ஒலித்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

2. ஐரோப்பிய மொழிகளில் இதன் குடும்பம்

இலத்தீன் பேச்சுமொழியாக இருந்த நிலை மாறி, அதன் வழிவந்த மொழிகள் தனித்தனியே உருவானபோது, மித்தெரே என்னும் வினை தன் பழம்பொருளைப் பெரிதும் இழந்தது. பிரெஞ்சில் மெத்ர், இத்தாலியத்தில் மெத்தெரே, இஸ்பானியத்திலும் போர்ச்சுக்கீசியத்திலும் மெத்தேர் என்று அது வழங்குகிறது. ஆனால் இன்று அதற்கு வைத்தல், இடுதல், உட்புகுத்துதல் என்பனவே பொருள். அனுப்பும் வினை வைக்கும் வினையாயிற்று. ஒரு பொருள் சென்று சேர்ந்தபின் அங்கே இருப்பதை நோக்கியதால் வந்த மாற்றம் இது. மிஷன் என்னும் பெயர்ச்சொல்லுக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததும் இதைப் போன்றதே.

வழிபாட்டில் இவ்வேர் வேறொரு வழியே சென்றது. மேலைத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முடிவில், ‘செல்லுங்கள்’ என்று கூறிச் சபையாரை விடைகொடுத்து அனுப்பும் வாய்பாட்டில் மிஸ்ஸா என்னும் சொல் உண்டு. விடையளித்தல் என்பதே அதன் பொருள். நாளடைவில் வழிபாட்டின் இறுதிச்சொல் வழிபாடு முழுமைக்கும் பெயராயிற்று. பிரெஞ்சில் மெஸ், இத்தாலியத்தில் மெஸ்ஸா, இஸ்பானியத்தில் மிசா, ஆங்கிலத்தில் மாஸ், ஜெர்மானியத்தில் மெஸ்ஸே, டச்சு மொழியில் மிஸ் என்று அது வழங்குகிறது. கிறிஸ்மஸ் என்னும் சொல்லின் ஈறும் அதுவே.

திருநாள் வழிபாடு முடிந்தபின் கோயிலைச் சுற்றிச் சந்தை கூடுவது ஐரோப்பிய வழக்கம். அதனால் ஜெர்மானியத்தில் மெஸ்ஸே என்பது வணிகச் சந்தைக்கும் பெயராயிற்று. இதில் நமக்கு அண்மையான ஒரு செய்தி உண்டு. லைப்சிக் நகரம் பல நூற்றாண்டுகளாக மெஸ்ஸே நகரம், அதாவது வணிகச் சந்தை நகரம் என்று புகழ்பெற்றது. 1836இல் திரெஸ்டனில் தொடங்கி 1848இல் அந்நகருக்குக் குடிபெயர்ந்த லைப்சிக் மிஷனே தமிழகத்தில் லுத்தரன் சபைகளை வளர்த்தது. ஒரே நகரத்தின் சந்தையும் மிஷனும் ஒரே இலத்தீன் வேரினின்று பெயர்பெற்றன.

எல்லா மொழிகளும் இச்சொல்லைக் கடன் வாங்கவில்லை. டச்சுக்காரர் தம் மொழியிலேயே அனுப்புதல் என்னும் வினையைக்கொண்டு செண்டிங் என்று கூறினர். பின்லாந்து மக்கள் லாஹெதுஸ் என்பர். அதற்கும் அனுப்புதல் என்பதே பொருள். கடன் வாங்கியவர்களுக்குச் சொல்லின் ஒலி கிடைத்தது. மொழிபெயர்த்தவர்களுக்கு அதன் பொருள் நிலைத்தது.

3. செயற்பெயர் இடப்பெயரானது

திருச்சபையின் முதல் 1500 ஆண்டுகளில் நற்செய்தி அறிவிக்கும் பணிக்கு மிஷன் என்று பெயரிடும் வழக்கம் ஏற்படவில்லை. அக்காலத்து இறையியலாளர் மிஸ்ஸியோ என்றால், பிதா குமாரனை அனுப்பியதையும், தூய ஆவியானவர் அனுப்பப்பட்டதையும் கருதினர். அகுஸ்தீன் திரித்துவத்தைப் பற்றி எழுதுகையில் இதை ஆராய்ந்தார். தோமா அக்குவினா இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். மிஸ்ஸியோ என்பது அன்று கடவுளைப் பற்றிய சொல். நம்மைப் பற்றிய சொல்லன்று.

16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் இதற்குப் புதுப்பொருள் தந்தனர். 1540இல் ஏற்பளிக்கப்பட்ட அச்சபையினர், போப்பரசர் எங்கே அனுப்பினாலும் செல்வோம் என்று தனியான ஒரு வாக்குறுதி செய்தனர். அவ்வாறு செல்லும் செலவுகளை மிஷன்கள் என்றனர். சவேரியார் 1542இல் கோவாவில் வந்திறங்கியது இவ்வகையிலேயே. அனுப்பப்படும் செயலுக்கு வழங்கிய பெயர், பின்னர் அனுப்பப்பட்டோர் கூட்டத்துக்கும், அதன்பின் அவர்கள் தங்கிய குடியிருப்புக்கும் வழங்கலாயிற்று. அர்ஜென்டினாவில் மிசியோனெஸ் என்றே ஒரு மாநிலம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1769இல் நிறுவப்பட்டது முதலான பழைய கோயில் வளாகங்கள் இன்றும் மிஷன்கள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆகவே மிஷனை மதிலாகக் கண்டவர்கள் நம் ஊரார் மட்டுமல்லர்.

4. வாலாஜாபேட்டைக்கு வந்த வகை

வாலாஜாபேட்டையின் பெயரிலேயே பிறமொழி கலந்துள்ளது. ஆற்காட்டு நவாபு முகம்மது அலியின் பட்டப்பெயர் வாலாஜா. அதனோடு தமிழ்ப் பேட்டை சேர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. பொருளும் ஆளும் சொல்லும் வந்திறங்கும் ஊராக இது நெடுங்காலம் இருந்துவந்துள்ளது.

அமெரிக்க மருத்துவ ஊழியரான ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மைந்தர் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853இல் ஆற்காட்டு மிஷனைத் தோற்றுவித்தனர். அவர்களைத் தாங்கிய சபை, அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர் நிறுவிய சீர்திருத்தச் சபையாகும். 1867 வரை அச்சபையின் பெயரிலேயே டச்சு என்னும் சொல் இருந்தது. அவர்களுடைய முன்னோர் மொழியில் செண்டிங் என்று இருந்தது, ஆங்கிலத்தின் வழியே மிஷன் என்று நம்மிடம் வந்தது. அனுப்புதல் என்னும் பொருள் தெரியாமலே நாம் அதைப் பெற்றுக்கொண்டோம். இராணிப்பேட்டையில் 1866இல் தொடங்கிய மருத்துவமனையும், பள்ளிகளும், விடுதிகளும், பங்களாக்களும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆகவே அவையே மிஷன் எனப்பட்டன. பெயரை அறியாதோர் அதைத் தையல் மிஷினோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. மிஷின் என்பது கிரேக்கத்தில் தோன்றி மாக்கினா என்று இலத்தீனுக்கு வந்த வேறு சொல்.

இதே மித்தெரே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சொற்களும் நம் தெருக்களில் நடமாடுகின்றன. தோல் மண்டியில் தரகர் பெறும் கமிஷன் இவ்வேரினது. ஒருவரிடம் ஒப்புவித்து அனுப்பியது என்று அதற்குப் பொருள். ஒரு காரியம் ஒப்புவிக்கப்பட்டோர் கமிட்டி. கடந்துபோக விடுவது பர்மிட். உள்ளே வரவிடுவது அட்மிஷன். முற்காலப் பிரெஞ்சில், பந்திக்கு அனுப்பப்படும் படைப்பைக் குறித்த சொல்லே மாணவர் உண்ணும் மெஸ் ஆயிற்று. முன்பணம் வாங்கிய தொழிலாளி கைநாட்டு வைக்கும் பிராமிசரி நோட்டும், அதாவது புரோநோட்டும், இவ்வேரினதே. பிராமிஸ் என்றால் முன்கூட்டியே செல்லவிட்ட சொல். இதில் ஒரு முரண்பாடு உண்டு. உரோமில் கட்டுண்டவனை விடுவித்த சொல், சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம் பட்டைத் தொட்டியிலும் நின்று உழைத்தவனைக் கட்டிவைக்கும் தாளின் பெயராக இங்கே வந்து நின்றது.

5. விடு என்னும் தமிழ் வினை

மிஷன் என்பதற்கு அருட்பணி, திருப்பணி, ஊழியம், நற்செய்திப்பணி முதலிய பெயர்கள் வழங்குகின்றன. இவை நல்ல சொற்களே. ஆயினும் இவை யாவும் செய்யப்படும் வேலையைச் சுட்டுகின்றன; அனுப்பியவர் யார், செல்பவர் யார் என்பதைச் சுட்டவில்லை. தமிழில் அனுப்புதலைச் சுட்டும் பழஞ்சொல் தூது. தலைவன் பிரிந்துசெல்லும் காரணங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் தூதைக் கூறுகிறது. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றால் அறிகிறோம். வாலாஜாபேட்டை அமைந்திருப்பது அத்தொண்டை நாட்டிலேதான். படைக்கலங்களைக் காட்டிப் பெருமைகொண்ட அரசனிடம், போரைத் தவிர்க்கும் கருத்தோடு ஒரு பெண் புலவர் அனுப்பப்பட்டார் என்பது தூதின் சிறப்பை விளக்கும்.

தூது என்னும் பெயரோடு சேரும் வினை எது என்று நோக்கினால் வியப்பு மிகும். சிற்றிலக்கிய வகை ஒன்றை நாம் ‘விடு தூது’ என்கிறோம். விடு என்னும் வினை மித்தெரே என்பதற்கு மிக நெருங்கியது. அம்பு விடுகிறோம், அது எறிதல். தூது விடுகிறோம், அது அனுப்புதல். சிறைப்பட்டவனை விடுகிறோம், அது விடுவித்தல். பள்ளி விடுகிறது என்கிறோம். அது மிஸ்ஸா குறித்த விடையளித்தல். உள்ளே விடுகிறோம், மூச்சு விடுகிறோம், ஒன்றைச் சொல்லாமல் விடுகிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் மித்தெரே குடும்பத்தில் ஒரு சொல் உண்டு. இரு மொழிகளுக்கும் உறவில்லை. ஆயினும் செல்லவிடுதலும் விடுவித்தலும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டன.

ஒப்புமை இத்துடன் முடியவில்லை. விடு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர் வீடு. அது அறம், பொருள், இன்பம் ஆகியவற்றுக்குப் பின் வைத்து எண்ணப்படும் விடுதலைப் பேற்றையும் குறிக்கும். நாம் குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கும். வழிச்செல்வோர் நடையை விட்டுத் தங்கும் இடம் விடுதி. ஆகவே தமிழிலும் செல்லவிடும் வினை தங்கும் இடத்தின் பெயராகியுள்ளது. மிஷன் இடப்பெயரானதைப் பிழை என்று மட்டும் கூறுதல் தகாது. அனுப்பப்பட்டவன் எங்கேனும் தங்கியாக வேண்டும். அத்தங்குமிடத்தினின்று மீண்டும் புறப்படுகிறானா என்பதே கேள்வி.

6. தோல் பதனிடுகிறவன் வீட்டில்

இதற்குத் திருமறையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது தோல் தொழில் செய்யும் நம் பகுதிக்கு மிகவும் உரியது. அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோனுடைய வீட்டில் பல நாள் தங்கினான். அப்போஸ்தலன் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அனுப்பப்பட்டவன் என்பது பொருள். யூதரிடையே தோல் பதனிடுதல் இழிவாக எண்ணப்பட்டது. ஊரிலிருந்து 50 முழத்துக்கு அப்பாலே தோல் தொழிற்கூடம் அமையவேண்டும், அதுவும் கிழக்குப் பக்கத்தில் அமையவேண்டும் என்று மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பு விதித்தது. ஊருக்குப் புறம்பே, தோல் நாற்றத்தின் நடுவே வாழ்வது என்னவென்று நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வீட்டை நோக்கிக் கொர்நேலியு என்னும் உரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி மூவரை அனுப்பினான். அவர்களைத் தாமே அனுப்பியதாகத் தூய ஆவியானவர் பேதுருவுக்கு அறிவித்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில் அனுப்புதல் என்னும் வினை திரும்பத் திரும்ப வருகிறது. இலத்தீன் திருமறையில் அது மித்தெரே. இங்கே திசையைக் கவனிக்கவேண்டும். அப்போஸ்தலன் பிறரிடம் அனுப்பப்படுமுன், பிறர் அவனிடம் அனுப்பப்படுகிறார்கள். புறவினத்தாரான அம்மூவரும் முதலில் உள்ளே அழைக்கப்பட்டு உபசரிக்கப்பட்டது தோல் பதனிடுகிறவனுடைய வீட்டிலேயே. மறுநாள் அவ்வீட்டிலிருந்து பேதுரு புறப்பட்டான்.

மற்றொரு பகுதி லூக்கா 4ஆம் அதிகாரத்தில் உள்ளது. நாசரேத்தூர் ஜெபஆலயத்தில் இயேசு வாசித்த வேதப்பகுதியில், தாம் அனுப்பப்பட்டதும் நொறுங்குண்டவர்கள் விடுதலையாக்கப்படுவதும் ஒருங்கே கூறப்படுகின்றன. கிரேக்கத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே வினை ஆளப்பட்டிருக்கிறது. இலத்தீன் மொழிபெயர்ப்பில் அனுப்பினார் என்பதற்கும், விடுவித்தல் என்பதற்கும், விடுதலை என்பதற்கும் மித்தெரே வேரே வருகிறது. ஆகவே அனுப்பப்படுதலையும் விடுவித்தலையும் இரண்டாகப் பிரித்து, முன்னது ஆன்மிகம், பின்னது சமூகப்பணி என்று கூறுவது அச்சொல்லுக்கே பொருந்தாது.

1952இல் ஜெர்மனியிலுள்ள வில்லிங்கனில் கூடிய உலக மிஷனெரி மாநாடு, மிஷனின் ஊற்று திரியேக கடவுளே என்று வலியுறுத்திற்று. பின்னர் இக்கருத்து மிஸ்ஸியோ தேயி, அதாவது கடவுளின் அனுப்புதல், என்னும் பெயரால் பரவிற்று. அகுஸ்தீன் காலத்துப் பொருளுக்குத் திருச்சபை மீண்டும் திரும்பியது எனலாம். அனுப்புகிறவர் கடவுளானால், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்ததாலும், மேலைநாட்டு ஊழியர் ஊர் திரும்பியதாலும் மிஷன் முடிந்துவிடவில்லை. முடிந்தது ஒரு நிர்வாகம்.

எனவே மிஷன் என்னும் சொல்லை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. அதன் மறந்த பொருளை மீட்டுக்கொண்டால் போதும். மிஷன் நிலத்தின் எல்லையைப் பற்றி வழக்காடும் சபை, அந்நிலத்திலிருந்து யாரை, யாரிடம், எதிலிருந்து விடுவிக்க அனுப்பினோம் என்றும் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டும். தோல் கழிவினால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அத்தண்ணீரைக் குடித்தவரும் நம் சபையார். அத்தொழிலால் பிழைத்தவரும் நம் சபையார். இத்தகைய சிக்கலின் நடுவேதான் நம் சபைகள் தங்கியிருக்கின்றன. சீமோனுடைய வீடும் ஊருக்குப் புறம்பே, கடலோரத்திலேதான் இருந்தது. கொர்நேலியுவின் ஆட்கள் அவ்வீட்டைத் தேடிவந்து வாசலில் நின்றபோது, பேதுரு இறங்கிவந்து அவர்களை உள்ளே அழைத்தான். இனி ‘மிஷன் காலத்தில்’ என்று ஒரு மூத்தவர் பேசத் தொடங்கினால், அக்காலம் இதுவே என்று நாம் அவருக்கு அன்போடு நினைவூட்டலாம்.